பழகிடும் சார்

மதுரை தல்லாகுளத்தில் எங்கள் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. கடை போர்டிலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் சந்து முனையில் டீ ஆற்றுகிறவர் முதல் கோர்ட்டுக்கு வந்து போகும் வக்கீல்கள் வரை எல்லாருக்கும் அவர் ‘பழகிடும் சார்’தான். முகத்துக்கு நேரே சார். முதுகுக்குப் பின்னால் பழகிடும்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனவர் மறுநாள் திரும்பி வந்து என்ன குறை சொன்னாலும் அவரிடம் இருந்தது ஒரே மருந்து. “தரை மேல எந்திரிச்சு வருது சார்.” பழகிடும். “படியில கால் வச்சா படி இருக்க எடத்துல இல்ல சார்.” பழகிடும். “காதுக்குப் பின்னாடி புண்ணாயிருச்சு சார்.” அதுவும் பழகிடும். “ஒரு வாரம் கழட்டாமப் போடு. எட்டாம் நாளு வந்து என்னையத் திட்டு” என்பார். எட்டாம் நாள் அநேகமாக யாரும் வருவதில்லை. அவருடைய திமிருக்கு அதுதான் ஆதாரம். உண்மையிலேயே முக்கால்வாசிப் பேருக்குப் பழகித்தான் போய்விடும். புது பவர் என்றால் கண்ணுக்கும் மூளைக்கும் நாலு நாள் வாய்க்கால் தகராறு நடக்கும், பிறகு இரண்டும் சமாதானமாகிவிடும். இந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு மனிதர் உலகத்தையே நடத்தப் பார்த்தார்.

ஆள் குட்டை. அவர் வருவதற்கு முன்னால் அவர் வயிறு கவுண்டருக்கு வந்துவிடும். மீசைக்கு மட்டும் டை அடிப்பார், தலையில் அடிக்க எதுவும் பாக்கி இல்லை. சட்டைப் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலும் கறுப்பு மார்க்கர் பேனாவும் இருக்கும். வாயில் எந்நேரமும் பாக்கு. கடைக்குள் ஏறியவரின் தாடையைக் கேட்காமல் கொள்ளாமல் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்கு மேல் ஸ்கேலை வைத்து ஒரு கருவிழிக்கும் இன்னொரு கருவிழிக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்துவிடுவார். தெரியாத்தனமாக விலாசம் கேட்க ஏறிய ஒரு மனிதரையும் ஒருநாள் இப்படி அளந்தார். பாவம், அந்த ஆள் ஒரு கூலிங்கிளாஸ் வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்.

டாக்டர் சீட்டு அவர் கைக்குப் போனால் வாய் நிற்காது. சாதாரண ஜனங்களுக்கு அந்தச் சீட்டு நாலு கட்டமும் கூட்டல் கழித்தலும். அவருக்கு அது ஜாதகம். ஒருநாள் என் சீட்டை வைத்துக்கொண்டு எனக்குப் பாடமே எடுத்தார்.

“இந்தா பாரு தம்பி. மொதக் கட்டத்துல மைனஸ் போட்டிருந்தா தூரத்துல உள்ளது தெரியாது. மாமனாரு வந்தாலும் வாசப்படி ஏறுனப்பறந்தான் தெரியும், ஓடி ஒளிய நேரம் இருக்காது. பிளஸ்ஸுன்னா கிட்டத்துல உள்ளது தெரியாது. சாம்பார்ல மெதக்குறது கத்திரிக்காயா கரப்பான்பூச்சியான்னு சந்தேகம் வரும். ரெண்டாவது கட்டம் சிலிண்டரு. கண்ணு உருண்டையா இல்லாம கோணலா இருக்குன்னு அர்த்தம். ஆக்சிஸுங்கறது அந்தக் கோணல் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குங்கறது. கடைசியா ஆட்டுன்னு ஒண்ணு இருக்கு பாரு, படிக்கிறதுக்குக் கூடுதலாக் குடுக்குறது, அது கண்ணோட பவர் இல்லய்யா. வயசோட பவர். நாப்பதத் தாண்டாம எவனுக்கும் வராது.”

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டு சர்வீஸ் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் நாற்பதைத் தாண்டாதவர். ஜீன்ஸ் போடுவார், ஜூனியர் பெண்கள் ‘அண்ணே’ என்று கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பார். ஒரு மதிய இடைவேளையில் எங்களையும் கூட்டிக்கொண்டு சீட்டோடு கடைக்குப் போனார். பழகிடும் சார் சீட்டை டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி, “ஆட்டு ஒண்ணே முக்காலா! அப்ப அம்பதத் தொட்டாச்சுன்னு சொல்லுங்க!” என்றார். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பிரண்டுக்கு அன்று மூஞ்சி போன போக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்கும்.

வயதைச் சந்தி சிரிக்க வைத்த அதே வாயால் அதை மறைக்கவும் வழி சொன்னார். நடுவில் கோடு விழுந்த பைஃபோகல் போட்டால் பார்க்கிறவனுக்கு வயசு தெரிந்துவிடும், கோடே இல்லாத புரோகிரெசிவ் போட்டுக்கொண்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. மேலே தூரம், நடுவில் கம்ப்யூட்டர், கீழே படிப்பு, எல்லாம் ஒரே கண்ணாடிக்குள் என்றார். சூப்பிரண்டு போட்டார். அவரைப் பார்த்து செக்‌ஷனில் நாற்பது தாண்டிய எல்லாரும் போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. அந்தக் கண்ணாடியில் கம்ப்யூட்டர் திரை தெரிவதற்கென்று இருக்கிற இடம் சின்ன சந்து மாதிரி. அதைப் பிடிக்க முகவாயைத் தூக்க வேண்டும். வெளியூரிலிருந்து புதிதாக மாறுதலில் வந்த அதிகாரி அம்மா முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க செக்‌ஷன்ல ஏன் எல்லாரும் தலையைத் தூக்கிக்கிட்டே எனக்குப் பதில் சொல்றாங்க? இவ்வளவு ஆணவமா?” என்று கேட்டார். மதுரைக்காரன் இயல்பே அப்படித்தான் மேடம் என்று சமாளித்தேன். பழகிடும் சாரிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “அந்தம்மா எப்ப வந்துச்சு? நேத்தா? விடு, அதுக்கும் பழகிடும்.”

ஒரு வக்கீல் கதை இதைவிட மோசம். புதுப் புரோகிரெசிவ் போட்டுக்கொண்டு கோர்ட்டில் நின்றவர், எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்டபடியே கையிலிருந்த காகிதத்தில் வரியைத் தேடித் தலையை மேலும் கீழும் ஆட்டியிருக்கிறார். நீதிபதி, “நீங்களே ஒத்துக்கிட்டுத் தலையாட்டுறீங்களே” என்றாராம். வக்கீல் கடைக்கு வந்து குதித்த குதியில் ஷோகேஸ் கண்ணாடி ஆடியது. அவருக்கும் வாங்கிக்கொண்டு போக வாய்த்தது அந்த ஒற்றை வார்த்தைதான்.

ஃபிரேம் விஷயத்தில் அவர் சர்வாதிகாரி. மைனஸ் ஆறு பவரை வைத்துக்கொண்டு முகத்தில் பாதியை மூடும் பெரிய ஃபிரேம் கேட்கும் கல்லூரிப் பெண்களுக்கு அந்த ஃபிரேமைக் கண்ணிலேயே காட்டமாட்டார். கவுண்டருக்கு அடியில் ஒளித்து வைத்துவிடுவார். “ஓரத்துல சோடா பாட்டில் அடி மாதிரி தடிச்சு நிக்கும்மா. சின்னதாப் போடு, ரவுண்டாப் போடு, மெலிசா வரும்” என்பார். அந்தப் பெண்கள் அழுதுகூடப் பார்த்திருக்கிறார்கள். அவர் பாக்கை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றிக்கொள்வாரே தவிர அசையமாட்டார்.

கடையின் பின்பக்கம் பலகைத் தடுப்புக்கு அப்பால் அவர் சம்சாரம் உட்கார்ந்திருப்பார். லென்ஸை ஃபிரேம் அளவுக்குச் சாணை பிடிக்கும் மெஷின் அவர் பொறுப்பு. முன்னால் இவர் பேசும்போதெல்லாம் பின்னால் மெஷின் ‘கிர்ர்’ என்று சத்தம் போடும். இரண்டில் எது உண்மையான பதில் என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வரும்.

வார்த்தை கண்ணாடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாணமான புதிதில் நான் வீட்டுச் சண்டையைச் சொல்லிப் புலம்பினேன், பழகிடும் என்றார். சந்துக்குள் சாக்கடை தோண்டி மாதக்கணக்கில் மூடாமல் கிடந்தபோதும் அதையே சொன்னார். அவருடைய மகளை ஓசூரில் கட்டிக் கொடுத்திருந்தார். ஒருநாள் நான் கடையில் இருக்கும்போது அந்தப் பெண் போனில் அழுதது. பேச்சு தெரியாத ஊர், குளிர், மாமியார், என்னவெல்லாமோ. முழுக்கக் கேட்டுவிட்டு, “பழகிடும்மா, கொஞ்ச நாள்தான்” என்று சொல்லிப் போனை வைத்தார். தடுப்புக்குப் பின்னால் மெஷின் நின்றது. “கட்டிக்கிட்டு வந்து முப்பது வருசமாச்சு, எனக்கே இன்னும் பழகல. அவளுக்குப் பழகிருமாக்கும்” என்று குரல் வந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஏற்கனவே துடைத்து வைத்திருந்த ஒரு லென்ஸை எடுத்து மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. பெற்ற பெண்ணிடமாவது வேறொரு வார்த்தை சொல்லக்கூடாதா இந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோபம் முற்றிப் பழுத்தது என் அண்ணன் விஷயத்தில்.

அண்ணன் வாடிப்பட்டியில் இருந்தார். அங்கே ஒரு தனியார் கல்லூரியில் பஸ் ஓட்டினார். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர், அவருக்கு முந்தி இருந்தவர்களும் அதேதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்த கை அண்ணனுடைய கை. அவர் ஓட்டிச் சம்பாதித்துத்தான் நான் படித்தேன், அரசாங்க உத்தியோகத்துக்கும் வந்தேன். அந்த பஸ்ஸை அவர் காலையில் கழுவுகிற அழகைப் பார்த்தால் மதினிக்கே பொறாமை வரும். அப்படி ஒரு பாசம்.

நாற்பத்தாறு வயதில் அவருக்குத் தூரமும் கொஞ்சம் மங்கி, கிட்டமும் தடுமாற ஆரம்பித்தது. கண் டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கிவிட்டார். மதுரைக்கு வந்து கண்ணாடி போட லீவு கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். செருப்புக்குக் காலளவு கொடுத்துவிடுவோம், சட்டைக்குப் பழைய சட்டையைக் கொடுத்துவிடுவோம், கண்ணாடிக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டோம். நான் சீட்டோடு பழகிடும் சாரிடம் போனேன்.

“டிரைவரா? முன்னாடி மீட்டரையும் பாக்கணும், ரோட்டையும் பாக்கணும். புரோகிரெசிவே போட்டுருவோம். ஆள எங்க?”

“அண்ணனுக்கு லீவு இல்ல சார். ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வாரேன்.”

“ஞாயித்துக்கெழமை எங்கடை லீவு. ஏன்யா, கூடப் பெறந்த அண்ணந்தான? ஒரே அச்சாத்தான இருப்பீங்க? நீ உக்காரு.”

உட்கார வைத்து, அண்ணனுக்கென்று நான் தேர்ந்தெடுத்த ஃபிரேமை என் முகத்தில் மாட்டி, நேராகப் பார்க்கச் சொல்லி, என் கருவிழி எங்கே வருகிறதோ அங்கே மார்க்கரால் இரண்டு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியை வைத்துத்தான் தூரம் எங்கே, கிட்டம் எங்கே என்று லென்ஸை ஃபிரேமில் பொருத்துவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் செய்தார். அவ்வளவு தன்னம்பிக்கை.

கண்ணாடியைக் கொடுத்தனுப்பிய பிறகு அண்ணனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நானும் நன்றாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் இருக்கும், மதினி போன் செய்தார்.

“தம்பி, ஒங்க அண்ணன் வேலைய விடப்போறேன்னு நிக்கிறாரு. என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. நீங்க கொஞ்சம் வந்துட்டுப் போங்க.”

அன்று சாயங்காலமே போனேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மடித்து ஜன்னலில் இருந்தது.

“என்னண்ணே?”

“கண்ணு போச்சுடா.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? கண்ணாடியப் போட்டா ரோடு கலங்குது. தாடையக் கழுத்தோட ஒட்டிவச்சு மேலாப்ல பாத்தாத்தான் கொஞ்சம் தெளியுது. முட்ட வர்ற மாடு கணக்கா உக்காந்து ஓட்டுறேன், புள்ளைக பின்னாடி சிரிக்குதுக. ஸ்பீடு பிரேக்கர் எங்க இருக்குன்னு தெரியல, இல்லாத எடத்துல பிரேக்கு அடிக்கிறேன். அவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன், பழகிடும்னாரு. மறுபடி கேட்டேன், பழகிடும்னாரு. ஒரு மாசம் கழட்டாமப் போட்டேன்டா. பழகல. அவரு எம்புட்டுப் பேருக்குக் கண்ணாடி போட்ட மனுசன், அவரு சொல்றது தப்பா இருக்குமா? அப்ப கோளாறு கண்ணாடில இல்ல, எங் கண்ணுலதான்.”

“திரும்ப டாக்டர்ட்ட போயிருக்கலாமேண்ணே.”

“போனா கண்ணு போச்சுன்னு எழுதியே குடுத்துருவாங்க. என் வாயாலயே நின்னுக்கிறேன்னு மேனேஜர்ட்ட சொல்லிட்டேன். திங்கக்கெழமை புது ஆளு வாரான், அதுவரைக்கும் வேற டிரைவரு எடுத்துக்கிறாரு. பின்னாடி அம்பது புள்ளைக இருக்குடா. பெத்தவுக என்னைய நம்பி ஏத்தி விடுறாக. தெரியாத கண்ண வச்சுக்கிட்டு அதுகள ஏத்திக்கிட்டுப் போக மாட்டேன்.”

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்பா செத்தபோதுகூட ஆம்புலன்ஸை அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார், ஒரு சொட்டு விடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆபீஸுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்குப் போனேன். பழகிடும் சார் யாரோ ஒருவரின் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை அனுப்பும் வரைகூட நான் பொறுக்கவில்லை.

“எங்கண்ணன் வேலைய விடுறாரு சார்.”

“ஏன், வேற எடத்துல கெடச்சிருச்சா?”

“கண்ணாடி போட்டா ரோடு தெரியல.”

“எத்தன நாளாச்சு? ஒரு மாசந்தான? சிலருக்குக் கொஞ்சம் கூட ஆகும். பழகிடும்.”

“பழகல சார். நீங்க பழகிடும்னு சொன்னீங்க, அவருக்குப் பழகல. அதனால நீங்க தப்பா இருக்க முடியாது, தங் கண்ணுதான் அவிஞ்சுபோச்சுன்னு முடிவு பண்ணி உக்காந்து அழுகுறாரு. தங் கண்ண விட உங்க வார்த்தைய நம்புறாரு சார். அம்புட்டு முட்டாப்பய எங்கண்ணன்.”

அவர் வாயில் அசைந்துகொண்டிருந்த பாக்கு நின்றது. பின்னால் மெஷினும் நின்றது. தடுப்புக்கு மேலே அவர் சம்சாரத்தின் தலை எழுந்தது.

“அந்த டிரைவர் கண்ணாடிக்கு யாரு மூஞ்சிய வச்சுப் புள்ளி வச்சீங்க?”

பழகிடும் சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் அவர் என் மூக்கைப் பார்த்தார்.

என் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சின்ன வயதில் டீசல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணப் போய், சுற்றுகிற கைப்பிடி திருப்பி அடித்ததில் அது பேருக்குத்தான் மூக்கு. எந்தக் கண்ணாடி போட்டாலும் நழுவிக் கன்னத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அண்ணனுக்கோ கிளி மூக்கு, அடியிலிருந்தே எடுப்பாக நிற்கும். அவர் போட்டால் அதே ஃபிரேம் புருவத்தை இடிக்கும்.

“ஒங்கண்ணனுக்கு மூக்கு எப்படி?” என்றார் சார்.

“என்னைய மாதிரி இல்ல.”

“இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“கேட்டீங்களா சார்?”

மார்க்கரை எடுத்துப் பையில் செருகினார், கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். “மத்தத நான் பாத்துக்கிறேன், போயிட்டு வாங்க” என்றார் அவர் சம்சாரம். சார் என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வாடிப்பட்டி போகும்வரை அந்த மனிதர் வாயே திறக்கவில்லை என்றால் நம்பமாட்டீர்கள்.

கல்லூரி வளாகத்தில் பஸ் வேப்பமரத்தடியில் நின்றது. அண்ணன் உள்ளே டிரைவர் சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் பதறி எழுந்து, “வாங்க சார், நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்” என்றார். “எந்திரிக்காதய்யா. எப்படி உக்காந்து ஓட்டுவியோ அப்படி உக்காரு” என்றார் சார். கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். புரோகிரெசிவ் லென்ஸில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பொடிக்குறிகள் இருக்குமாம், அதைத் தேடிப் பிடித்து, தூரப் பார்வைக்கான இடத்தில் புள்ளி வைத்தார். அண்ணன் முகத்தில் மாட்டி, “அந்த வாசல் கேட்டப் பாரு” என்றார்.

கருவிழிக்கு நேரே நிற்கவேண்டிய புள்ளி இரண்டும் மேல் இமையில் நின்றன. எனக்கே தெரிந்தது. அண்ணன் நேராகப் பார்த்த ஒவ்வொரு தடவையும் ரோட்டைப் புத்தகம் படிக்கிற கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்.

பழகிடும் சார் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, “மேனேஜர் எங்க இருக்காரு?” என்று கேட்டார்.

மேனேஜர் அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். தனியாகப் பேசலாம் என்று நான் இழுத்தேன். அவர் கேட்கவில்லை. “சார், இவரு கண்ணு நல்ல கண்ணு. நாந்தான் தம்பி மூஞ்சில அளவெடுத்து அண்ணனுக்குக் கண்ணாடி போட்டேன். தப்பு முழுக்க எம்மேல. ரோட்டுக்குத் தனியா, படிக்கத் தனியா ரெண்டு கண்ணாடி போட்டுத் தாரேன். நாளைக்கு நீங்களே கூட உக்காந்து ஓட்டிப் பாத்துட்டு, அப்பறமா முடிவெடுங்க” என்றார். தன் வாழ்நாளில் அவர் தப்பு என்ற வார்த்தையைத் தன்னோடு சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று அவர் சம்சாரம் பிறகு என்னிடம் சத்தியம் செய்தார்.

மேனேஜரும் அவர் கடையில் கண்ணாடி போட்டவர்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், மெதுவாகத் தன் கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அது சரியாத்தான் சார் இருக்கு. அது ஒங்க மூஞ்சில எடுத்த அளவுதான்” என்றார் பழகிடும் சார்.

அன்று சாயங்காலம் அண்ணனைக் கடைக்கே வரவழைத்தார். தாடையைப் பிடித்துத் திருப்பவில்லை. “தம்பி, கொஞ்சம் இப்படிப் பாருங்க” என்று மரியாதையாகக் கேட்டு அளந்தார். அளந்ததைச் சரியா என்று மறுபடி அளந்தார். அவர் சம்சாரம் அப்போதே லென்ஸை வெட்டி மாட்டிக் கொடுத்தார். என்னைப் பார்த்துத்தான் சார் ஒரு முறை முறைத்தார். “உம் மூக்கு மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா இந்த வம்பே இல்லய்யா” என்றார். அதானே பார்த்தேன், முழுக்கத் திருந்திவிட்டாரோ என்று பயந்துபோயிருந்தேன்.

சனிக்கிழமை காலேஜ் விட்டபின் காலி பஸ்ஸில் ஏறினோம். அண்ணன் ஸ்டியரிங்கில். மேனேஜர் நடுவில் ஒரு சீட்டில். டிரைவருக்குப் பக்கவாட்டில் முதல் சீட்டில் பழகிடும் சார், அவருக்குப் பின்னால் நான். “நான் போட்ட கண்ணாடி. இடிச்சா மொத ஆளா நான் சாகுறேன்” என்று சொல்லித்தான் அங்கே உட்கார்ந்தார். மதுரைப் பக்கம் வண்டி திரும்பியது. அண்ணனுக்குத் தாடை நிமிர்ந்திருந்தது. முதல் ஸ்பீடு பிரேக்கரை அவர் தூரத்திலேயே பார்த்து, கியரை இறக்கி, தொட்டில் மாதிரி ஏற்றி இறக்கினார். நான் மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணன் படிக்க ஆரம்பித்தார். சாலையோரம் இருந்த ஒவ்வொரு போர்டையும் சத்தம்போட்டு வாசித்தார். “பருத்திப்பால். இங்கு பஞ்சர் ஒட்டப்படும். தேங்காய் மொத்த வியாபாரம். பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்லவும்.” எதிரே ஒரு காதணி விழா ஃபிளெக்ஸ் வந்தது. நம்மூர் ஃபிளெக்ஸில் எத்தனை தலை இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாய்மாமன், சித்தப்பா, அவர்கள் பெயருக்கு முன்னால் போட்ட பட்டம் என்று அதையும் விடாமல் வாசித்தார்.

பழகிடும் சாருக்கு உயிர் போய் உயிர் வந்தது. “யோவ், ரோட்டப் பாருய்யா!”

“ரோட்டையுந்தான் சார் பாக்குறேன். ரெண்டும் தெரியுது.”

பின்னாலிருந்து மேனேஜர், “திங்கக்கெழமை எப்பவும் போல வண்டிய எடுத்துருங்கண்ணே. புதுசா வர்ற பையன்ட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

அண்ணன் கொஞ்சதூரம் போர்டுகூட வாசிக்காமல் ஓட்டினார். பிறகு ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமலே, “நீங்க நல்லா இருக்கணும் சார். நீங்க மட்டும் தேடி வரலைன்னா குருடன்னு நெனச்சே மிச்ச காலத்த ஓட்டியிருப்பேன். எனக்குக் கண்ணக் குடுத்தது நீங்கதான்” என்றார்.

“யோவ், கெடுத்ததே நாந்தான்யா.”

“இருக்கட்டும் சார். எவன் இப்படிக் கடையப் போட்டுட்டு வந்து நிப்பான்?”

பழகிடும் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மேனேஜர் பார்க்கிறார், நான் பார்க்கிறேன் என்ற கூச்சம்கூட இல்லாமல் விசும்பி விசும்பி அழுதார். அண்ணன் அடுத்த போர்டை வாசித்தார்.